ஹண்டர் தெருச் சாப்பாட்டுக் கடை

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு வாசிப்புக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

 

கறுப்பு இலக்கியம் பற்றிப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நான் ஒரு கோழிக்கடையைப் பற்றிப் பேசப்போகிறேன். அழைத்த தோழர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அவர்களும் சிரித்துக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டார்கள்.

காரணம் இருக்கு. நான் கவிதை எழுதுகிறவன், பகலில் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன். ஒரு இயக்கத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு கேள்வி வரும். இந்த அறிக்கையை எழுதினவங்க எங்க உட்கார்ந்து எழுதினாங்க? அன்னைக்கு ராத்திரி அவங்களுக்குச் சோறு போட்டது யார்? நம் இயக்க வரலாறுகளில் தீர்மானம் இருக்கும், தேதி இருக்கும், தலைமை தாங்கியவர் பெயர் இருக்கும். சோறு இருக்காது. அமெரிக்கக் கறுப்பர் போராட்டத்தைப் படித்துக்கொண்டே போனபோது சோற்றுக்கும் முகவரி உள்ள ஒரு இடத்தில் போய் நின்றேன். அட்லாண்டா நகரம், ஹண்டர் தெரு, பாஸ்கல் சகோதரர்கள் கடை.

அண்ணன் ராபர்ட், தம்பி ஜேம்ஸ். ஜார்ஜியா மாநிலத்தில் தாம்சன் என்ற சின்ன ஊர். அப்பா அம்மா வாரத்துக்கு உழுத கூலிகள். வாரம் என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிலம் அவனுது, உழைப்பு இவனுது, கணக்குப் புத்தகம் மறுபடியும் அவனுது. அடிமை முறை 1865இல் ஒழிந்தது, கணக்குப் புத்தகம் ஒழியவில்லை. அந்த வயலிலிருந்து தப்பி நகரத்துக்கு வந்தவர்கள் இவர்கள். ராபர்ட் கைப்பக்குவம் உள்ளவர். ஜேம்ஸ் வியாபார புத்தி உள்ளவர், பையனாக இருந்தபோதே சிறு கடை நடத்திப் பார்த்தவர்.

1947இல் இரண்டு பேரும் சேர்ந்து ஹண்டர் தெரு 837ஆம் எண்ணில் ஒரு சின்னக் கடை போட்டார்கள். முப்பது பேர் உட்காரலாம். சோடா, சாண்ட்விச், பொரித்த கோழி. கடையில் அடுப்பு கிடையாது. ராபர்ட் வீட்டில் கோழியைப் பொரித்து, சொந்த வண்டி இல்லாததால் டாக்சி பிடித்துக் கடைக்குக் கொண்டு வருவார்கள். டாக்சியில் வந்து இறங்கும் கோழிக்கறி! இதை நினைக்கும்போது எனக்கு நம்ம ஊரில் தலையில் குண்டான் வைத்து பஸ் ஏறி வரும் பெண்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். கண்டக்டர் இறக்கிவிடாமல் இருக்கணும், அதுவே அன்றைய முதலீடு.

அந்தத் தெருவைப் பற்றி ஒரு வார்த்தை. அட்லாண்டாவின் மேற்குப் பக்கம், கறுப்பர்களுக்கான கல்லூரிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் பகுதி. மோர்ஹவுஸ், ஸ்பெல்மன், கிளார்க், மாரிஸ் பிரவுன், அட்லாண்டா பல்கலைக்கழகம். டூபாய்ஸ் பாடம் நடத்திய இடம் இந்தப் பல்கலைக்கழகம்தான். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கடிதம் எழுதினாரே, அதே டூபாய்ஸ். ஆக, கடைக்கு வருகிறவர்கள் மாணவர்கள், பேராசிரியர்கள், பாதிரியார்கள், தெருவில் வேலை முடிந்து போகிறவர்கள். நகரின் மையக் கடைவீதியில் இவர்கள் யாருக்கும் உட்கார இடம் இல்லை. பெரிய கடைகளில் துணி வாங்கலாம், காசு கொடுக்கலாம். அதே கடைக்குள் இருக்கிற சாப்பாட்டுக் கவுண்டரில் உட்காரக் கூடாது. இதுக்குப் பேர் ஜிம் குரோ.

அதே 1947இல் அட்லாண்டாவில் இன்னொரு கடையும் திறந்தது. ஜார்ஜியா டெக் கல்லூரிப் பக்கம், ஹெம்ஃபில் சாலையில். பேர் பிக்ரிக். உரிமையாளர் லெஸ்டர் மேடக்ஸ், வெள்ளைக்காரர், ஏழைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. அங்கேயும் விசேஷம் பொரித்த கோழிதான்! ஒரே நகரம், ஒரே வருஷம், ஒரே கோழி. இந்த இரண்டு கடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அமெரிக்காவின் ஐம்பது வருஷக் கதை வந்துவிடும்.

பிக்ரிக்கில் கறுப்பர் சாப்பிட முடியாது. ஆனால் அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தெற்கு மாநிலங்களில் வெள்ளைக்காரன் வீட்டில் சமைத்தது கறுப்புப் பெண்தான். குழந்தைக்கு ஊட்டியதும் அவள்தான். அவள் கை பட்ட ரொட்டி அவனுக்குத் தீட்டு இல்லை. அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அவனுக்கு உலகம் இடிந்துவிடும். நம்ம ஊர்க் கதை இதிலிருந்து வேறு. இங்கே நாற்காலி மட்டுமில்லை, கையே பிரச்சினை. நாம் விளைவிக்கலாம், அறுக்கலாம், மூட்டை தூக்கலாம். அரிசி உலைக்குள் போன நிமிஷத்திலிருந்து நம் கை படக் கூடாது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் பள்ளிச் சத்துணவை ஒரு தலித் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர்கள் பூட்டுப் போட வந்தார்கள். அரசாங்கப் பள்ளி, அரசாங்க அரிசி, அரசாங்க முட்டை. கரண்டி பிடித்த கை மட்டும் அவர்களுக்கு ஒத்துக்கவில்லை. நிறவெறியையும் சாதியையும் ஒன்று என்று சட்டென்று சொல்லிவிடுகிற நண்பர்கள் இந்த உலைமூடியைத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டும் உறவுக்காரர்கள்தான், ஆனால் இரட்டைப் பிள்ளைகள் இல்லை.

சரி, கடைக்கு வருவோம்.

1959இல் பாஸ்கல் சகோதரர்கள் ரோட்டைத் தாண்டினார்கள். அதே ஹண்டர் தெருவில் எதிர்ச்சாரி, 830ஆம் எண். பெரிய உணவகம். அடுத்த வருஷமே அதோடு ஒரு ஜாஸ் கச்சேரி அரங்கு, லா கரூசல் என்று பேர். ஒரு ரோட்டைத் தாண்டுவதில் என்ன இருக்கு என்று தோணும். வங்கிக்காரனுக்கு அதில்தான் எல்லாம் இருக்கு. முப்பது நாற்காலியிலிருந்து ஒரு கட்டிடத்துக்குப் போக கடன் வேண்டும். கறுப்பனுக்கு எவன் கடன் கொடுப்பான்?

1930களில் அமெரிக்க மத்திய அரசின் வீட்டுக்கடன் அமைப்பு பல நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கடன் கொடுக்க உகந்த பகுதிக்கு ஒரு நிறம், ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பர்கள் குடியிருந்த தெருக்களெல்லாம் சிவப்பு. அந்த வீட்டுக்காரன் ஒழுங்காகத் தவணை கட்டுவானா என்று யாரும் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தார்கள். அட்லாண்டாவில் இதற்கு எதிராக ஒரு சின்ன மாற்று இருந்தது. அலன்சோ ஹெர்ன்டன் என்பவர் அடிமையாகப் பிறந்தவர், முடிவெட்டும் தொழில் செய்து முன்னுக்கு வந்தவர். கொடுமை என்னவென்றால் அவர் கடையில் வெள்ளையருக்கு மட்டும்தான் முடி வெட்டினார்கள், சொந்த இனத்துக்காரன் உட்கார முடியாது. அந்தக் காசில் 1905இல் அவர் தொடங்கியது அட்லாண்டா லைஃப் காப்பீட்டு நிறுவனம். 1921இல் சிட்டிசன்ஸ் டிரஸ்ட் என்ற கறுப்பர் வங்கி. வெள்ளை வங்கி கதவைச் சாத்தும்போது கறுப்பு வியாபாரிகள் போய்த் தட்ட இப்படி ஒன்றிரண்டு கதவு இருந்தது. அது இல்லாத ஊர்களில் ஒரு பாஸ்கல் கடை ரோட்டைத் தாண்டியிருக்காது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளை. ஊர் பேர், வங்கிப் பேர் வேண்டாம். சேரியிலிருந்து ஒரு அம்மா இட்லிக் கடை வைக்கக் கடன் கேட்டு வந்தார்கள். படிவம் ஒழுங்காகப் பூர்த்தி செய்யப்பட்டிருந்தது, என் மேஜை வழியாகத்தான் உள்ளே போனது. மேலாளர் தொகையைப் பார்க்கவில்லை, தெருப் பேரைப் பார்த்தார். "யாரும்மா வந்து சாப்பிடுவா?" என்று கேட்டார். சிரித்த முகமாகத்தான் கேட்டார். "மாடு வாங்கிக்கோம்மா, அதுக்குன்னா உடனே போட்டுத் தர்றேன்." இதில் ஒரு துல்லியமான கணக்கு இருக்கு, கவனியுங்கள். மாட்டுப்பால் சொசைட்டிக் கேனில் ஊற்றியதும் கலந்துவிடும். யார் வீட்டுப் பால் என்று பாலுக்குத் தெரியாது. இட்லி அப்படியில்லை. கையிலிருந்து நேரே தட்டுக்கு வருது. அந்த அம்மா மாட்டுக் கடன் வாங்கவில்லை. படிவத்தை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போனார்கள். சிவப்பு வரைபடம் அமெரிக்காவில் காகிதத்தில் இருந்தது, இங்கே மேலாளர் தலைக்குள்ளேயே இருக்கு. காகிதத்தில் இருந்தால் வழக்காவது போடலாம்.

1960 பிப்ரவரி 1. வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நாலு கறுப்பு மாணவர்கள் வெள்ளையர் கவுண்டரில் போய் உட்கார்ந்தார்கள். செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு லானி கிங் என்ற மாணவர் அட்லாண்டாவில் கல்லூரிக்குப் பக்கத்து மருந்துக்கடைக்கு வந்தார். அங்கே ஜூலியன் பாண்ட் உட்கார்ந்திருந்தார். கவிதை எழுதிக்கொண்டிருந்த பையன் (நம்ம ஆள்!). "இதைப் பார்த்தியா, இங்கேயும் யாராவது செய்யணும்" என்கிற பேச்சு அங்கேதான் நாம் செய்யணும் என்று மாறுகிறது. மார்ச் 9ஆம் தேதி அட்லாண்டா பத்திரிகைகளில் மனித உரிமைகளுக்கான வேண்டுகோள் என்ற அறிக்கை முழுப்பக்கம் வந்தது. அதைப் பெரும்பாலும் எழுதியவர் ரோஸ்லின் போப், ஸ்பெல்மன் கல்லூரி மாணவி. அந்தப் பெண்ணின் பேர் ரொம்ப வருஷம் யாருக்கும் தெரியாமலே இருந்தது. இது நமக்கும் புதுசு இல்லை. மார்ச் 15ஆம் தேதி சுமார் 200 மாணவர்கள் நகரம் முழுக்கப் பல கவுண்டர்களில் ஒரே நேரத்தில் போய் உட்கார்ந்தார்கள். 77 பேர் கைது.

இப்போது நான் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில். சிறையிலிருந்து வெளியே வரும் பிள்ளைகள் எங்கே போவது? பெற்றோர்கள் எங்கே காத்திருப்பது? பாஸ்கல் கடைக்குத்தான். பின்னிரவு வரை கடையைத் திறந்து வைத்தார்கள். வந்த பிள்ளைகளுக்குக் காசில்லாமல் சாப்பாடு. ஜாமீன் தொகையும் கட்டினார்கள். பிள்ளையை எங்கே அடைத்திருக்கிறார்கள் என்றே தெரியாமல் அலையும் அம்மா அப்பாவுக்கு அங்கே உட்கார ஒரு நாற்காலியும் குடிக்கக் காப்பியும் இருந்தது. கேட்க இது பெரிய புரட்சி மாதிரி இருக்காது. ஆனால் நம்மில் யாரெல்லாம் மறியலுக்குப் போய் ரிமாண்ட் ஆகி வெளியே வந்திருக்கிறீர்களோ, அவர்களுக்குத் தெரியும். வாசலில் யாரும் நிற்காத அந்த முதல் ஐந்து நிமிஷம் ஒரு மனுஷனை எப்படி உடைக்கும் என்று.

ஒரு மாணவத் தோழர் போன வாரம் என்னிடம் கேட்டார். "அண்ணே, பாஸ்கல் கடையில நல்ல கோழி கிடைக்குது, மரியாதை கிடைக்குது. அப்புறம் எதுக்கு வெள்ளைக்காரன் கவுண்டர்ல போய் உட்கார்ந்து அடி வாங்கணும்?" நல்ல கேள்வி. மகத்தில் 1927இல் பாபாசாகேப் இதுக்குப் பதில் சொல்லிவிட்டார். சவதார் குளத்துத் தண்ணி குடிக்காவிட்டால் செத்துவிடுவோம் என்பதற்காக நாம் அங்கே போகவில்லை, நாமும் மனிதர்கள் என்று நாட்டத்தான் போகிறோம் என்பது அவர் சொன்னதன் சாரம். அந்த மாணவர்களும் பசிக்காகப் போகவில்லை. பசிக்குப் பாஸ்கல் இருந்தது. பாஸ்கல் இருந்ததால்தான் பசிக்காக இல்லை என்று அவர்களால் நிமிர்ந்து சொல்ல முடிந்தது என்பேன் நான்.

இதில் ஒரு பழைய விவாதமும் அடங்கியிருக்கு. 1895இல் இதே அட்லாண்டாவில் புக்கர் டி. வாஷிங்டன் ஒரு புகழ்பெற்ற உரை நிகழ்த்தினார். தொழில் கற்றுக்கொள், கடை வை, காசு சேர், உரிமையை அப்புறம் பார்க்கலாம் என்கிற தொனி அதில். டூபாய்ஸ் அதை எதிர்த்தார். உரிமை இல்லாமல் கடை எத்தனை நாளைக்கு நிற்கும் என்பது அவர் பக்கம். நம்ம இயக்கங்களிலும் இந்தச் சண்டை ஓயவில்லை. தொழில்முனைவோர் ஆகுங்கள் என்று ஒரு கூட்டம், அதெல்லாம் முதலாளித்துவ மயக்கம் என்று ஒரு கூட்டம். ஹண்டர் தெருவில் காலையில் கல்லாவில் உட்கார்ந்தவரே ராத்திரி ஜாமீன் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் கிங். மார்ட்டின் லூதர் கிங்குக்கு அட்லாண்டா சொந்த ஊர். 1960இல் அங்கேயே குடி வந்துவிட்டார். பாஸ்கல் கடை அவருக்கு இன்னொரு அலுவலகம் மாதிரி. மிசிசிப்பிக் கோடைப் பிரச்சாரம், செல்மா, ஏழை மக்கள் இயக்கம் எல்லாவற்றுக்கும் அங்கே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். லா கரூசலில் அரீதா ஃபிராங்ளினும் டிஸி கில்லெஸ்பியும் கச்சேரி செய்தார்கள். கேட்க வெள்ளையரும் வந்து கறுப்பர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சட்டப்படி தப்பு. சங்கீதத்துக்கு அது தெரியவில்லை.

கிங் பற்றி நமக்குச் சம்பந்தமுள்ள ஒன்று. கடை ரோட்டைத் தாண்டிய அதே 1959இல் அவர் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில் தீண்டப்படாதோர் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் பிள்ளைகளிடம் அவரை அறிமுகப்படுத்தும்போது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டப்படாதவர் என்று சொல்லிவிட்டார். கிங்குக்கு முதலில் சுருக்கென்று இருந்ததாம். பிறகு யோசித்துப் பார்த்து, ஆமாம், நான் தீண்டப்படாதவன்தான், என் நாட்டில் என் இனத்தார் எல்லோரும் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டதாக 1965இல் தன் தேவாலயத்தில் அவரே சொன்னார். அந்தத் தலைமையாசிரியர் யாரோ. ஒரு வாக்கியத்தில் கிங்குக்கு அவர் சொல்லிக்கொடுத்ததை நம்ம பல்கலைக்கழகங்கள் நமக்கு இன்னும் சொல்லித்தரவில்லை.

1964 ஜூலை 2இல் குடியுரிமைச் சட்டம் கையெழுத்தானது. உணவகம், விடுதி எதிலும் நிறம் பார்த்து ஆளைத் தடுக்கக் கூடாது. மறுநாளே மூன்று கறுப்பு இளைஞர்கள் பிக்ரிக் கடைக்குப் போனார்கள். லெஸ்டர் மேடக்ஸ் கையில் துப்பாக்கியோடு வெளியே வந்தார். கூட இருந்தவர்கள் கையில் கோடாலிப் பிடி. அந்தக் கோடாலிப் பிடிகளை அப்புறம் ஞாபகப்பொருள் மாதிரி கடையிலேயே விற்றார், கோழிக்கால் என்று செல்லப் பேர் வைத்து. நீதிமன்றம் உத்தரவிட்டது. கறுப்பனுக்குச் சோறு போடுவதைவிடக் கடையை மூடுகிறேன் என்று 1965 தொடக்கத்தில் ஒரேயடியாக மூடிவிட்டார். கட்டிடத்தை ஜார்ஜியா டெக் வாங்கிக்கொண்டது.

நம்ம நாட்டில் அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு 1950லேயே இதைச் சொல்லிவிட்டது. கடை, உணவகம், விடுதி எதிலும் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது. அமெரிக்காவுக்குப் பதினாலு வருஷம் முந்தி நாம்! ஆனாலும் 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் 'பிராமணாள்' பலகையை இறக்க பெரியார் மாதக்கணக்கில் தினமும் ஆள் அனுப்பி மறியல் நடத்த வேண்டியிருந்தது. 1958இல்தான் பலகை இறங்கியது. நகரத்துப் பலகை இறங்கியது, கிராமத்து டீக்கடையில் தனிக்குவளை இறங்கவில்லை. அதுக்கு அடுத்த தலைமுறை அடி வாங்கியது. கண்ணாடி டம்ளர் போய்ப் பிளாஸ்டிக் கப் வந்தபோது சில டீக்கடைக்காரர்களுக்கு நிம்மதி. எல்லோருக்கும் தூக்கிப் போடும் கப் என்றால் யாரையும் பிரிக்க வேண்டாம், யாரோடும் சேரவும் வேண்டாம்.

மேடக்ஸ் கதை முடியவில்லை. கடையை மூடிய வீரத்துக்காகவே வெள்ளையர் அவரைத் தூக்கிக் கொண்டாடினார்கள். 1967 ஜனவரியில் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஆனார். அங்கே ஆளுநர் என்றால் நம்ம முதலமைச்சர் மாதிரி. அதே 1967இல் பாஸ்கல் சகோதரர்கள் தங்கள் உணவகத்தோடு சேர்த்து 120 அறை உள்ள விடுதியைத் திறந்தார்கள். அட்லாண்டாவில் கறுப்பர்களுக்குச் சொந்தமான ஓட்டல். கறுப்புப் பயணிகள் ராத்திரி தங்க இடம் தெரியாமல் காருக்குள் தூங்கிய காலம் முடிந்து ரொம்ப நாள் ஆகியிருக்கவில்லை. கோழி பொரித்த ஒருத்தன் கோட்டைக்குப் போனான், கோழி பொரித்த இன்னொருத்தர் அறைகளைக் கட்டினார். அடுத்த ஏப்ரலில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு இறுதி ஊர்வலம் அட்லாண்டாவில் நடந்தபோது, ஆளுநர் மேடக்ஸ் அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை விடவில்லை.

இதுக்கு அப்புறம் வருவது வெற்றிக்கதை மாதிரி இருக்கும். 1973இல் மேனார்ட் ஜாக்சன் அட்லாண்டாவின் முதல் கறுப்பு மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பாஸ்கல் கடையில் காலைச் சிற்றுண்டிக்கு யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்பதை வைத்தே நகர அரசியலைக் கணிப்பார்களாம். 1976இல் ஹண்டர் தெருவின் பேரே மார்ட்டின் லூதர் கிங் சாலை என்று மாறியது. கடை நகராமலே முகவரி மாறியது. புது விமான நிலையம் கட்டும்போது ஒப்பந்தங்களில் கறுப்பர் உள்ளிட்ட சிறுபான்மையினருக்குப் பங்கு வேண்டும் என்று ஜாக்சன் விடாப்பிடியாக நின்றார். ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருந்த பங்கு 25 சதவீதம் அளவுக்கு ஏறியது. தகுதி போச்சு, திறமை போச்சு என்று அங்கேயும் அதே ஓலம்தான். விமான நிலையம் கட்டி முடிந்து 1980இல் திறந்தது. 1978 ஒப்பந்தப்படி அங்கே உணவு விற்கும் கூட்டு நிறுவனத்தில் பாஸ்கல் பேரும் இருந்தது. டாக்சியில் வந்த கோழி விமான நிலையத்துக்குப் போய்விட்டது.

ஆனால் 1988இல் அட்லாண்டாவின் பத்திரிகையே ஒரு தொடர் வெளியிட்டது. பணத்தின் நிறம் என்று அர்த்தம் வரும் தலைப்பு. ஒரே வருமானம் உள்ள கறுப்பர் பகுதி, வெள்ளையர் பகுதி இரண்டையும் ஒப்பிட்டால், அந்நகர வங்கிகள் வெள்ளையருக்கு ஐந்து மடங்கு அதிக வீட்டுக்கடன் கொடுத்திருந்தன. மேயர் கறுப்பர், காவல்துறையில் கறுப்பர், சாலைக்குக் கிங் பேர். கடன் புத்தகம் மட்டும் தாம்சன் ஊர்ப் பண்ணையார் புத்தகமாகவே இருந்தது. அந்தத் தொடரை எழுதிய பில் டெட்மனுக்கு மறுவருஷம் புலிட்சர் பரிசு கிடைத்தது. நான் அதை என் வங்கி நண்பர்களுக்குச் சொன்னபோது ஒருத்தர், நம்ம ஊரில் இப்படி ஒரு கணக்கு எடுக்க முடியாது, படிவத்தில் விவரம் இருக்கு, ஆனா யாருக்கும் காட்ட மாட்டான் என்றார்.

இன்னொரு பக்கமும் இருக்கு. கவுண்டர் திறந்தது. எல்லாக் கவுண்டரும் திறந்தது. கறுப்பு மாணவர் எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரலாம், வழக்கறிஞர் நகர மையத்து ஓட்டலில் விருந்து வைக்கலாம். வேறு போக்கிடம் இல்லாததால் வந்த வாடிக்கையாளர்கள் பல கறுப்புக் கடைகளை விட்டுப் போனார்கள். வசதி வந்தவர்கள் குடியிருப்பையும் மாற்றினார்கள். பழைய தெரு வற்றியது. 1996இல் பாஸ்கல் சகோதரர்கள் உணவகத்தையும் விடுதியையும் கிளார்க் அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்கு விற்றார்கள். ராபர்ட் 1997இல் இறந்தார். விடுதி அறைகளில் மாணவர்கள் தங்கினார்கள். சில வருஷத்தில் பல்கலைக்கழகம் உணவகத்தையும் மூடியது, கட்டிடம் ரொம்ப நாள் பூட்டிக் கிடந்தது.

இதைப் படிக்கும் சில பேர் "பார்த்தீங்களா, ஒதுக்கி வைத்ததால்தான் கடை ஓடியது, சமத்துவம் வந்ததும் படுத்துவிட்டது" என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு கடை நடப்பதற்காக ஒரு சனமே ஒதுங்கிக் கிடக்க வேண்டுமா? வேறு கடைக்குப் போகும் உரிமைக்காகத்தான் அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் ராத்திரி ராத்திரியாகச் சோறு போட்டார்கள். தங்கள் கல்லாவுக்கு எதிராகவே சமைத்தார்கள் என்றும் சொல்லலாம். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வெள்ளைக் கவுண்டருக்குக் கறுப்பர் போனார்கள். அதே அளவுக்குக் கறுப்பன் கடைக்கு வெள்ளையர் திரும்பி வரவில்லை. கலப்பு ஒருவழிப் பாதையாக இருந்தது. கணக்கு அங்கேதான் உதைத்தது, உரிமையில் இல்லை.

நம்ம பக்கம் பாருங்க. ஐயர் மெஸ் என்று பலகை மாட்டலாம், கவுண்டர் மெஸ், தேவர் ஓட்டல் என்று மாட்டலாம். சாதிப் பேரே அங்கே விளம்பரம், ருசிக்கு உத்தரவாதம். நம்ம பேரை மாட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மெஸ் எத்தனை ஊரில் இருக்கு? மாட்டுக்கறி வறுவல் சாயங்காலம் தள்ளுவண்டியில் விற்கும், எல்லாச் சாதிக்காரனும் இருட்டில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போவான். அந்த வண்டி ரோட்டைத் தாண்டி ஒரு கட்டிடத்துக்குள் வர என்ன வேண்டும் என்று நம்ம இயக்கம் உட்கார்ந்து பேசியதாக எனக்குத் தெரியவில்லை. இடம் யார் வாடகைக்குத் தருவான், கடன் யார் தருவான், உணவு உரிமத்துக்குக் கையெழுத்து யார் போடுவான், முதல் ஆறு மாசம் யார் வந்து சாப்பிடுவான். கடைசிக் கேள்விக்காவது நம்மிடம் பதில் இருக்கு. இந்த அறையிலேயே அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருக்கிறோம்.

ஜேம்ஸ் பாஸ்கல் விற்றதோடு நிற்கவில்லை. ஹெர்மன் ரஸல் என்ற கறுப்புக் கட்டுமானத் தொழிலதிபரோடு கூட்டுச் சேர்ந்து 2002இல் நார்த்சைட் சாலையில், காசில்பெரி ஹில் பகுதியில் புதுக் கடை திறந்தார். அதே பேர், அதே பொரித்த கோழி. அப்போது அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. 2006இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாகவும் எழுதிவிட்டு 2008 நவம்பரில் காலமானார். பிக்ரிக் கட்டிடத்தை ஜார்ஜியா டெக் கொஞ்ச காலம் அலுவலகமாக வைத்திருந்தது. 2009இல் இடித்துவிட்டார்கள்.

டீ வந்துவிட்டது என்று பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். லோன் சம்பந்தமாக என்னென்ன காகிதம் வேண்டும் என்று இரண்டு தோழர்கள் காலையிலேயே கேட்டிருந்தார்கள், அவர்கள் போய்விட வேண்டாம். மற்றதைக் கலந்துரையாடலில் பேசலாம்.